முருங்கைக்குப் போட்ட மாத்திரை

அமுலு முருங்கை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாச வயிறு. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அப்படி உட்காருவதே ஒரு வித்தை. இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் மண்ணில் குழி போட்டாள். எதையோ உள்ளே வைத்து மூடி, மேலே செல்லமாக ஒரு தட்டு தட்டி, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ விதை ஊன்றுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இன்னாம்மா பண்ற?" என்றேன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டை நழுவி விழுந்தது. அது நான் கொடுத்த அட்டை. போன முறை வந்தபோது, "ஒண்ணுகூட விடாம சாப்பிடணும்" என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன இரும்புச் சத்து மாத்திரை.

"மரத்துக்குக் குடுக்கறேங்க்கா" என்றாள். கோழிக்குத் தீனி போடுகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன்.

சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு எழுதும்போது வருகிறது, அன்றைக்கு வரவில்லை. காரணம் இருக்கிறது. அமுலுவின் ரத்த அளவு எட்டுக்கும் கீழே கிடந்தது. பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும்தான் ரத்தம் போகும். உடம்பில் இருக்கிறவள் தாங்கிக்கொள்வாள். இல்லாதவள் எதை வைத்துத் தாங்குவாள்? என் கணக்குப்படி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டைகள் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தன, ரத்தம் மட்டும் ஏறவேயில்லை. அந்தப் பெண் செத்துப்போய்விடுவாளோ என்று நான் நிஜமாகவே பயந்துகொண்டிருந்தேன்.

கறுப்பா, மஞ்சளா?

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். "நர்ஸம்மா, நீங்கள் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் கக்கூஸ் விஷயத்துக்கு வந்துவிடுகிறீர்கள்" என்றார். உண்மைதான் ஐயா. கிராமத்து நர்ஸ் உத்தியோகம் அப்படி. நீங்கள் ஊருக்குள் போனால் கோபுரத்தைப் பார்ப்பீர்கள். நான் கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்த வாரமும் வந்துவிட்டேன், மன்னிக்கணும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் வெளிக்கிப் போவது கறுப்பாக இருக்கும். அதனால் கர்ப்பிணிகளிடம் "சாப்பிட்டியா?" என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கறுப்பா, மஞ்சளா?" என்றுதான் கேட்பேன்.

அமுலுவிடம் அதற்கு முந்தின வாரம்தான் கேட்டிருந்தேன்.

"மஞ்சத்தாங்க்கா. நல்லா போவுது" என்றாள் பெருமையாக.

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் கறுப்பு என்றிருப்பாள். இவளுக்கு அந்தச் சூதெல்லாம் கிடையாது. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல், வழக்கமாகப் போகிற நாளை விட்டுவிட்டு, ஒரு காலை நேரத்தில் போய் வேலியோரம் நின்றேன்.

குடல் வாங்க வந்த மாப்பிள்ளை

அமுலு எங்கள் ஊர்ப் பெண் இல்லை. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலோரக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கன்னியம்மா மீன் விற்கிறவர். அமுலு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து கொடுப்பாள். எங்கள் ஊரோ மதுராந்தகத்து ஏரித் தண்ணீர் எட்டியும் எட்டாமலும் வந்து நிற்கிற கடைசி வாய்க்கால் ஊர். இரண்டையும் சேர்த்துவைத்தது மீன் குடல்.

அவள் புருஷன் ஏழுமலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. முதலில் அவன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். அங்கே ஆளைக் குறைத்தபோது ஊருக்குத் திரும்பி, பாகத்தில் வந்த நிலத்தில் இறங்கினான். நிலமா அது? மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும். வருஷக்கணக்காக மூட்டை மூட்டையாக உரம் தின்று சிமென்ட் தரையாகிக் கிடந்தது.

அப்புறம் எங்கேயோ இயற்கை விவசாயப் பயிற்சி என்று போய்விட்டு வந்தான். போனபோது சாதாரண மனிதன். வந்தபோது வேறு ஆள். "செடிக்குப் போடாத, மண்ணுக்குப் போடு. மண்ணு செடிக்குப் போடும், செடி நமக்குப் போடும்" என்று டீக்கடையில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்ல ஆரம்பித்தான். அவன் வருவதைப் பார்த்தாலே பாதிப் பேர் அவசரமாக டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோவார்கள்.

சாணம், மாட்டு மூத்திரம், வெல்லம், கடலை மாவு எல்லாம் கலந்து ஒரு டிரம். மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊறவைக்க இன்னொரு டிரம். இந்த இரண்டாவது டிரம்முக்காகத்தான் அவன் வாராவாரம் பைக்கில் மாமல்லபுரம் பக்கம் போனான்.

"தலை, குடல், செவுளு எல்லாத்தையும் எனக்கே குடுத்துடுங்க" என்று கேட்டவனைப் பார்த்துக் குப்பமே சிரித்ததாம். நாலைந்து வாரம் அழுக்கு லுங்கியில் வந்தான். அப்புறம் இஸ்திரி போட்ட சட்டையில் வர ஆரம்பித்தான். மீன் குடல் வாங்க எவனாவது இஸ்திரி போட்டுக்கொண்டு வருவானா? கன்னியம்மாவுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டதாம்.

"குப்பைய வார வந்தான், பொண்ண வாரிகினு பூட்டான்" என்பார் இப்போதும். அதைச் சொல்லும்போது முகத்தில் கோபம் துளிகூட இருக்காது.

மணலிலேயே வளர்ந்த அமுலுவுக்கு மண் ஒரு அதிசயம். குச்சியை நட்டால் அது முருங்கை மரமாகி நிற்கும் என்று அவள் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பார்த்தாள். புருஷன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவன் சொன்ன மாதிரியே அந்த நிலம் கண் முன்னால் திருந்தி வந்ததே!

செருப்புச் சண்டை

எனக்கும் ஏழுமலைக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. விஷயம் செருப்பு.

அவன் நிலத்தில் செருப்பு போட மாட்டான், அவளையும் போட விடமாட்டான். "மண்ணுல உயிரு கீது நர்ஸம்மா. அத மிதிச்சாத்தான் நமக்கும் ஒடம்புல வரும்" என்பான்.

"மண்ணுல உயிர் இருக்குன்னு நானும் நம்பறேன்யா. அதனாலதான் செருப்பு போடச் சொல்றேன்" என்பேன் நான்.

கொக்கிப்புழு என்று ஒரு ஜீவன் உண்டு. ஈர மண்ணில் இருந்து, வெறுங்கால் வழியாக உள்ளே நுழைந்து, சுற்றிச் சுற்றிக் குடலுக்கு வந்து, அங்கே சட்டமாக உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். வாடகை கிடையாது. கர்ப்பிணிகளுக்கு அதற்காக ஒரு பூச்சி மாத்திரை கொடுப்போம். அமுலுவுக்குக் கொடுக்கப் போனபோது ஏழுமலை குறுக்கே வந்து நின்றான்.

"மண்ணுல புழு இருந்தா நல்லது. வயித்துல இருந்தா மட்டும் நோவா?"

"மண்புழு மண்ணைத் தின்னும். இது உன் பொண்டாட்டியைத் தின்னும்" என்றேன்.

அந்த மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்கவைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். இரும்பு மாத்திரையைத் தினமும் வந்து வாயில் போட என்னால் முடியுமா? நாலு ஊருக்கு ஒருத்தி நான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவளாவேன். ஊரில் வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற நாட்களில் சாயங்காலம் என் துணைச் சுகாதார நிலையத்து வாசலில் கூட்டம் நிற்கும். தலைவலி, வாந்தி, கண் எரிச்சல், கையெல்லாம் தடிப்பு. ஏழுமலை நிலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. அவன் வயலில் கொக்கு இறங்கும். பக்கத்து வயலில் இறங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவனிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

மறுபடியும் மரத்தடி

அமுலுவைக் கை கொடுத்துத் தூக்கி, நிழலில் உட்காரவைத்தேன்.

"எத்தினி நாளா இந்தக் கூத்து?"

"நீ அட்ட குடுத்த நாள்லேர்ந்துங்க்கா. தெனமும் நாஸ்தா ஆனதும் போட்டுடுவேன். ஒரு நாளும் மறக்கல."

"ஏம்மா, மாத்திர உனக்கா மரத்துக்கா?"

"எனக்குத்தாங்க்கா. வாயில போட்டா கொமட்டிகினு வருது. துருப்புடிச்ச ஆணி மாரி ஒரு நாத்தம். அவருதான் சொல்லுவாரே, மண்ணுக்கு இன்னா குடுக்கறமோ அது கீரையில வந்துடும்னு. முருங்கக் கீரையில இரும்பு கீதுன்னு நீயும் சொன்ன. அதான் மரத்துக்குக் குடுத்து, மரத்தாண்டேர்ந்து நான் வாங்கிக்கலாம்னு. கீர தெனமும் துன்றேங்க்கா. சத்தியமா."

என்னுடைய பாடத்தையும் அவள் புருஷனுடைய பாடத்தையும் ஒன்று விடாமல் கேட்டு, இரண்டையும் சேர்த்துக் கூட்டி, இந்த விடைக்கு வந்திருக்கிறாள். தப்பு என்று சொல்லவே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மரம் தனக்கு வேண்டியதை வேண்டிய அளவுதான் எடுக்கும், அட்டையில் அச்சடித்திருப்பதை அது படிக்காது என்று எப்படி விளக்குவது?

"சரி, வேற இன்னா சாப்பிடற? மீனு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுப் பக்கம் கை காட்டினாள். அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே அந்த மீன் டிரம் நின்றது. மூடியைச் சுற்றி ஈ. நான் நின்ற இடத்துக்கே வாடை வந்தது.

"மாசமானதுலேர்ந்து அந்த வாடையில மீனுன்னாலே கொமட்டுதுக்கா. அம்மா நல்ல மத்தியா கொண்டாந்து குடுக்குது. என்னால முடியல. வீணாப் போவுதேன்னு அவரு எடுத்து டிரம்முல போட்டுர்றாரு."

மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத குப்பத்துப் பெண், மாசக்கணக்காகக் கஞ்சியும் ரசமும் கீரையும் தின்று உயிரை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வந்த மத்தி மண்ணுக்குப் போகிறது. வெல்லம் மண்ணுக்கு. கடலை மாவு மண்ணுக்கு. கடைசியில் நான் கொடுத்த மாத்திரையும் மண்ணுக்கு! எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஏழுமலை வந்தான். வெறுங்கால். கையில் ஒரு மண்கட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"நர்ஸம்மா, நல்ல நேரத்துல வந்த. இத பாரு, ஒரே கட்டியில எத்தினி புழுவு நெளியுது பாரு!"

"புழுவைக் கீழ போடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு திரும்பிப் பார்த்தது.

அமுலுவின் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"பார்த்தியா? இப்ப உன் கையில இருக்கற மண்ணைப் பாரு. கறுப்பா, ஈரமா, தளதளன்னு இருக்குது. வெல்லம் துன்னு, மாவு துன்னு, மீன் துன்னு கொழுத்துக் கெடக்குது. இந்த வூட்ல யாருய்யா புள்ளத்தாச்சி? இவளா, உன் நெலமா?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் விடவில்லை.

"கோச்சுக்காத நர்ஸம்மா. நெலத்துக்கு மூட்ட மூட்டயா மாத்திர குடுக்கறத நிறுத்துனேன், அது பொழச்சுது. அதே மாத்திரய இவளுக்குக் குடுன்ற. மனுசனுக்கு ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணா?"

நியாயமான கேள்விதான்.

"உரத்தை நிறுத்தினியே, உன் நெலம் அடுத்த போகமே வெளஞ்சுதா?"

"எங்க? மொத போகம் பூரா பதரு. அடுத்ததும் சுமாருதான். அதுக்கு அப்பாலதான் கொஞ்சம் கொஞ்சமா..."

"அது வரைக்கும் நெலம் காத்துகினு கெடந்துது. புள்ள காத்துகினு கெடக்குமாய்யா? மொத போகம் பதராப் போனா அடுத்த போகம் இவளுக்கு உண்டா?"

அவன் அமுலுவைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். மண்கட்டியை மெதுவாகத் தரையில் வைத்தான். ஏழுமலை வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கன்னியம்மா வந்து இறங்கியது

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்று இரும்புச் சத்தை டிரிப்ஸில் ஏற்ற ஆரம்பித்தார். சில நாள் விட்டு விட்டு ஏற்ற வேண்டும். ஏழுமலை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். சொட்டு நீர்ப் பாசனத்தில்கூட அவன் அவ்வளவு கவனம் காட்டியதில்லை.

டிரம் நிலத்தின் கடைசி மூலைக்குப் போனது. கன்னியம்மா துணிமூட்டையோடு வந்து இறங்கினார். வந்ததும் அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டு சட்டம் போட்டார்.

"மாப்ள, இனிமே வெல்லம், மாவு, மீனு எதுன்னாலும் என் பொண்ணு துன்னு மிச்சம் இருந்தா உன் மண்ணுக்கு. மிச்சம் இருக்காது, சொல்லிட்டேன்."

"சரி அத்த" என்றான் மாப்பிள்ளை.

வாடை போனதும் வாய் திறந்தது. முதலில் இரண்டு நெத்திலிக் கருவாடு, பிறகு கொஞ்சம் குழம்பு, பிறகு முழு மத்தி. ஒரு நாள் மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கூட்டம், மூச்சு விட இடமில்லை. போன் அடித்தது.

"அக்கா, கறுப்புக்கா! நல்ல கறுப்பு!" என்று கத்தினாள் அமுலு. டிரிப்ஸோடு ஒரு மாத்திரையையும் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கப் பழகியிருந்தாள்.

"கறுப்பா? சபாஷ்டி கண்ணு!" என்று நானும் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

அந்த வருஷம் முருங்கை பூத்ததே பூ, இலையே தெரியவில்லை. எல்லாம் மாத்திரையின் வேலை என்று அமுலு சாதித்தாள். பருவம் வந்தால் முருங்கை பூக்கத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். ஏழுமலை இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் சொல்லாமல் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆள் நிஜமாகவே திருந்திவிட்டான்.

செங்கல்பட்டில் ஒரு மத்தியானம்

ரத்தம் ஏறியிருந்தது. ஆனாலும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று பிரசவத்துக்கு அவளைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நானும் போனேன். போயே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வீட்டில் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

குழந்தை சுலபமாகத்தான் வந்தது. அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை.

எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான். அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடிந்தது. டாக்டர்கள் மளமளவென்று வேலை பார்த்தார்கள். ஊசி, டிரிப்ஸ், வயிற்றை அழுத்திப் பிடிப்பது என்று நடந்துகொண்டிருந்தது. நான் அமுலுவின் தலைமாட்டில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வெளுக்கிறதா, வெளுக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் இருக்கும். எனக்கு அந்த நேரம் முடியவே இல்லை. ஒரு வழியாக ரத்தம் நின்றது.

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் சீட்டைப் பார்த்தார். "இதே பொண்ணு போன மாசத்து ரத்த அளவோட வந்திருந்தா நாம இப்ப வேற மாதிரி பேசிட்டிருப்போம்" என்றார்.

வெளியே வந்தேன். கன்னியம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்து குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலை நின்றுகொண்டிருந்தான்.

"பொண்ணு பொறந்திருக்கு ஏழுமலை" என்றேன்.

இந்த உத்தியோகத்தில் இந்தச் செய்தியை நான் எத்தனையோ ஆண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். எடை எவ்வளவு, நிறம் யார் மாதிரி, எத்தனை மணிக்குப் பிறந்தது, ஜாதகம் எழுத வேண்டும். பெற்றவளைப் பற்றிக் கடைசியில் கேட்பார்கள். சில பேர் அதையும் மறந்துவிட்டு இனிப்பு வாங்க ஓடிவிடுவார்கள்.

ஏழுமலைக்கு நான் சொன்னது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. என் வெள்ளைப் புடவையில் தெறித்திருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு ஒடம்புல மிச்சம் கீதா நர்ஸம்மா?" என்றான்.

எனக்கு அழுகை வந்தது.

"கீதுய்யா" என்றேன். "நெறயவே கீது. உள்ள போய்ப் பாரு."